மியாட்டா என்.டி.: ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங் – கொடுக்கிற காசுக்கு எது சரி?

#1 · தென்றல்வழி

மாஸ்டா மியாட்டா வாங்குவது முடிவாகிவிட்டது, நான்காம் தலைமுறை (என்.டி.) கார்தான். சாஃப்ட் டாப், மேனுவல் கியர். இருப்பது வட கரோலினா, சார்லட் பக்கம். வேலை நாட்களில் போக வர 40 மைல் ஓடும். மாதம் ஒரு ஆட்டோகிராஸ் (மைதானத்தில் கூம்புகள் வைத்து நேரம் பார்க்கும் போட்டி), வருடத்துக்கு இரண்டு டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) போக எண்ணம்.

குழப்பம் டிரிம்மில்தான், அதாவது ஒரே காரின் எந்த வகையை எடுப்பது என்பதில். 2024 மாடல் வந்தபோது போட்ட விலை: ஸ்போர்ட் 28,985 டாலர், கிளப் 32,485, கிராண்ட் டூரிங் 33,985. டெலிவரி கட்டணம் தனி. கிளப்பில் பிரெம்போ பிரேக், பிபிஎஸ் சக்கரம், ரெகாரோ சீட் பேக்கேஜ் சேர்த்தால் மேற்கொண்டு 4,500 டாலரை ஒட்டி ஏறும். இன்ஜின் எல்லாவற்றிலும் ஒன்றே: 2 லிட்டர், 181 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம் வரை சுற்றும். அப்படியிருக்க ஸ்போர்ட்டை எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல டயரும் ஷாக்கும் போட்டுக்கொண்டால் போதாதா? பழைய கார் என்றாலும் சரிதான்.

#2 · நாலாம்கியர்

இன்ஜின் ஒன்றுதான். ஆனால் ஸ்போர்ட்டும் கிளப்பும் அடியில் வேறு வேறு. விலைப்பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் பிறகு நாமே போட முடியுமா, போட்டால் என்ன ஆகும்?

மேனுவல் கிளப்பில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்.எஸ்.டி.) இருக்கிறது: ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். ஸ்போர்ட்டில் இருப்பது ஓப்பன் டிஃப், அந்தப் பூட்டு இல்லாதது. கிளப்பில் பில்ஸ்டீன் ஷாக், அதற்கேற்ற ஸ்பிரிங். ஸ்போர்ட்டில் சாதாரண ஷாக். கிளப்பில் முன்பக்க டவர் பிரேஸ் (இரண்டு ஷாக்கின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) உண்டு. சக்கரம் கிளப்புக்கு 17 அங்குலம், 7 அங்குல அகலம், டயர் 205/45ஆர்17. ஸ்போர்ட்டுக்கு 16 அங்குலம், 6.5 அகலம், 195/50ஆர்16. பிரேக் டிஸ்க்கும் ஸ்போர்ட்டில் ஒரு அளவு சிறியது. ஆடியோ ஸ்போர்ட்டில் 6 ஸ்பீக்கர், மற்ற இரண்டிலும் போஸ் 9 ஸ்பீக்கர்.

2024ல் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று, எல்.எஸ்.டி.யையே மாற்றினார்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது பூட்டுகிற அளவும், அழுத்தும்போது பூட்டுகிற அளவும் வேறு வேறாக இருக்கும்படி உள்ளே கேம் வைத்திருக்கிறார்கள். வளைவுக்குள் பிரேக் போட்டபடி நுழையும்போது பின்பக்கம் அலையாமல் நிற்பது இதனால்தான். இரண்டு, சறுக்கலைத் தடுக்கும் டி.எஸ்.சி.யில் டி.எஸ்.சி.-டிராக் என்ற மோட்: கார் கொஞ்சம் சறுக்கும் வரை விட்டுவிட்டு, கைமீறும் கட்டத்தில் மட்டும் பிடிக்கும். இரண்டுமே மேனுவல் கிளப்பிலும் மேனுவல் கிராண்ட் டூரிங்கிலும்தான். ஸ்போர்ட்டில் கிடையாது, அந்த மோடைப் பிறகு போடவும் முடியாது.

டயர், ஷாக், ஸ்பீக்கர், சக்கரம் எல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. டிஃப் அப்படியில்லை. உங்கள் உபயோகத்துக்கு பேக்கேஜ் இல்லாத கிளப் என்பதுதான் என் பதில்.

#3 · மதுரைமெக்

டிஃப் வேலைன்னா என்னன்னு சொல்லிடறேன், அப்புறம் கணக்குப் போடுங்க.

மியாட்டாவுல கியர்பாக்ஸையும் டிஃபையும் நீளமான அலுமினிய சட்டம் ஒண்ணு சேர்த்துப் பிடிச்சிருக்கும். பவர் பிளான்ட் ஃபிரேம்னு பேரு. டிஃபை இறக்கணும்னா எக்ஸாஸ்டைக் கழட்டணும், டனல் பிரேஸைக் கழட்டணும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் பெயின்ட்ல அடையாளம் போட்டுட்டுக் கழட்டணும், கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக் வெச்ச பிறகுதான் இந்த ஃபிரேமைத் தொடணும். ஜாக் வெக்காம ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்தினா கியர்பாக்ஸோட பின்பக்கம் தொங்கிடும், மேல போற ஒயரும் ஹோஸும் இழுபடும். திரும்ப ஏத்தும்போது ஃபிரேமோட உயரத்தைச் சரியா வெக்கலேன்னா 60 மைலுக்கு மேல ஒரு அதிர்வு வரும். டயர் பேலன்ஸ்னு நெனச்சு கடை கடையா அலைவாங்க.

அதுக்கப்புறம் டிஃபைப் பிரிச்சு உள்ள எல்.எஸ்.டி. போடறது. கிரவுன் வீலை மாத்தி ஏத்தணும், பேரிங்கை பிரஸ்ல போடணும், ஷிம்னு மெல்லிசு தகடு வெச்சு பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பார்க்கணும். மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுல பார்க்கற வேலை, டயல் கேஜ் இல்லாம ஆகாது. பல்லுல மார்க்கிங் கலவை தடவி, எங்க ஒட்டுதுன்னு பார்த்து திருத்தணும். இதைச் சரியா பண்ணாதவங்ககிட்ட குடுத்தா ஆயிரம் மைல்ல ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்தாச்சுன்னா பல்லு தேஞ்சாச்சுன்னு அர்த்தம், திரும்ப ஷிம் போட்டு சரியாகாது.

விலை: நல்ல எல்.எஸ்.டி. 1,000லேர்ந்து 1,500 டாலர். கூலி, பேரிங், சீல் எல்லாம் சேர்த்து இன்னொரு 600, 800. ஷாக் நாலு நல்லதா வாங்கினா 700லேர்ந்து 1,000. இந்த 3,500 வித்தியாசம் இதுக்குள்ளயே கிட்டத்தட்ட முடிஞ்சுடும். சக்கரம், பிரேக் இன்னும் கணக்குலயே வரல. வாரன்டியில டிஃபும் போச்சு.

அடிபட்ட கிளப்லேர்ந்து டிஃபை முழுசா கழட்டிப் போடறது இதைவிட நல்ல வழி. ஆனா மேனுவல் கார் டிஃபா இருக்கணும், 2.866 ரேஷியோ. ஆட்டோமேட்டிக் காரோட டிஃப் ரேஷியோ வேற, அதுவும் எல்.எஸ்.டி. இல்லாதது. யார்டுல தூக்கிக் குடுத்துடுவாங்க, பார்த்து வாங்குங்க.

#4 · சீமைக்காற்று

ஸ்போர்ட்டுக்காகப் பேச ஒருவராவது வேண்டும். நாலாம்கியர் சொன்ன பட்டியல் சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

வாரம் 200 மைல் அலுவலக ஓட்டம், மாதம் ஒரு ஆட்டோகிராஸ். காரின் வாழ்நாளில் தொண்ணூறு பங்கு எங்கே போகிறது? நெடுஞ்சாலையிலும் சிக்னலிலும். அங்கே எல்.எஸ்.டி. ஒன்றும் செய்யாது. 1,060 கிலோ சொச்சம் எடையும் 181 குதிரைத்திறனும் உள்ள காரில், உலர்ந்த சாலையில், உட்பக்கப் பின்சக்கரம் சுழல வேண்டுமானால் இறுக்கமான வளைவில் இரண்டாம் கியரில் வேண்டுமென்றே மிதிக்க வேண்டும்.

ஸ்போர்ட்டின் மென்மையான ஷாக்கும் உயரமான டயர் பக்கச்சுவரும் மோசமான சாலையில் உடம்புக்கு இதம். கான்கிரீட் இணைப்புகளில் கிளப் விடாமல் குதிக்கும். ஓப்பன் டிஃப் உள்ள காரில் உட்பக்கச் சக்கரம் தூக்குவதைக் குறைக்க வழியும் இருக்கிறது: முன்பக்கம் தடிமனான ஆன்டி-ரோல் பார். முன்பகுதி சாய்வதைத் தடுத்தால் பின் உட்சக்கரத்தில் எடை கொஞ்சம் மிஞ்சும். செலவு 200, 300 டாலர், இரண்டு மணி நேர வேலை. 2022லிருந்து எல்லா டிரிம்மிலும் கே.பி.சி. வேறு இருக்கிறது, வேகமாக வளைக்கும்போது உட்பக்கப் பின்சக்கரத்தை லேசாக பிரேக் பிடித்து உடல் தூக்குவதை அடக்கும். ஸ்போர்ட்டிலும் அது வேலை செய்கிறது.

மிஞ்சும் 3,500 டாலருக்கு இரண்டு மூன்று வருட டயரும் டிராக் கட்டணமும் வந்துவிடும். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு நேரத்தைக் குறைப்பது அதுதான்.

#5 · கூம்புக்கணக்கு

ஆட்டோகிராஸ் என்றதும் எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் விதிப்புத்தகம். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் சோலோ போட்டியில் ஸ்ட்ரீட் பிரிவில்தான் பெரும்பாலானவர்கள் தொடங்குகிறார்கள். அங்கே ஷாக்கை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. ஆன்டி-ரோல் பார் முன்னோ பின்னோ ஒன்று மாற்றலாம். பிரேக் பேட் மாற்றலாம். டயர் 200 டிரெட்வேர் (டயரில் போட்டிருக்கும் தேய்மான எண்) அல்லது அதற்கு மேல். எல்.எஸ்.டி. போடக் கூடாது.

சக்கரத்தில்தான் ஸ்போர்ட் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். குறுக்களவை ஓர் அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம். அகலம் மட்டும் கார் வந்த அகலமேதான். கிளப்புக்கு 7 அங்குலம். ஸ்போர்ட்டுக்கு 6.5. அந்த அரை அங்குலத்தில் அகல டயர் நேராக நிற்காது, தோள்பட்டை உருண்டு மடங்கும். காற்றழுத்தம் கூட்டி ஓரளவுதான் சமாளிக்கலாம். கூடவே 195/50ஆர்16 அளவில் 200 டிரெட்வேர் டயருக்குத் தெரிவு மிகக் குறைவு.

"ஸ்போர்ட்டை கிளப்பாக மாற்றிக்கொண்டால்?" என்று கேட்பீர்கள். அதே மாடல் வருடத்தின் இன்னொரு டிரிம்முக்கு மாற்ற விதி இடம் தருகிறது. ஆனால் முழுக்க மாற்ற வேண்டும்: டிஃப், ஷாக், ஸ்பிரிங், பிரேஸ், பிரேக், உள்ளிருக்கும் சின்னஞ்சிறு சாமான் வரை. டிஃபை மட்டும் போட்டுவிட்டு வந்தால் அந்தப் பிரிவில் நிற்க முடியாது. நன்றாக மாற்றம் செய்த கார்கள் இருக்கும் பிரிவுக்குத் தள்ளப்படுவீர்கள். வகுப்புப் பட்டியல் வருடாவருடம் மாறும், வாங்குவதற்கு முன் அந்த வருடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

சீமைக்காற்று சொன்ன முன் பார் நல்ல யோசனை, செலவும் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது கிளப்புக்கும் பொருந்தும். கிளப்பில் எல்.எஸ்.டி.யோடு அந்த பாரும் சேரும்போது, கூம்பைச் சுற்றித் திரும்பி வெளியே வருகையில் முழு ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே கொடுக்கலாம். ஸ்லாலம் நேராக இருந்தால் வித்தியாசம் தெரியாது. யூ-டர்ன் போட்ட மைதானத்தில் தெரியும்.

#6 · தென்றல்வழி

நன்றி. கூம்புக்கணக்கு அக்கா சொன்ன சக்கர அகலக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. ஸ்போர்ட்டை ஒதுக்கிவிட்டேன். அப்படியானால் கிளப்பில் பிரெம்போ பேக்கேஜ் எடுப்பதா? டிராக் டே போவதால் பிரேக் பெரிதாக இருப்பது நல்லதுதானே?

#7 · நாலாம்கியர்

பெரிதாக இல்லை, அதுதான் விஷயம். பிரெம்போ முன்பக்கம் மட்டும். நான்கு பிஸ்டன் காலிப்பர், டிஸ்க் அதே 280 மி.மீ. பின்பக்கம் சிவப்புப் பெயின்ட் அடித்த அதே ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்.

டிராக்கில் பிரேக் தோற்பது சூட்டினால். அந்தச் சூட்டைத் தாங்குவது டிஸ்க்கின் எடையும் அதற்குள் ஓடும் காற்றும். டிஸ்க் ஒரே அளவென்றால் தாங்கும் சூடும் கிட்டத்தட்ட ஒன்றே. பிரெம்போவில் பெடல் கெட்டியாக இருக்கும், பேட் சீராகத் தேயும். காலுக்குக் கிடைக்கிற அந்த நம்பிக்கை உண்மையானது, ஆனால் ஒரு மடங்கு கூடுதல் பிரேக் என்று எண்ணிக்கொண்டு காசு போடாதீர்கள்.

உங்கள் டிராக் டேக்கு உண்மையில் வேண்டியது இரண்டு. பிரேக் ஃபுளூயிட்: சாதாரண டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறிய பழைய ஃபுளூயிட்டுக்கு அந்தத் தரம் கேட்பது 155 மட்டுமே. ஐந்தாவது சுற்றில் பெடல் தரைவரை போவது இதனால்தான். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேசிங் ஃபுளூயிட் ஒரு லிட்டர் வாங்கி நான்கு சக்கரத்திலும் முழுக்க மாற்றுங்கள். அடுத்தது டிராக் பேட். தொழிற்சாலை பேட் சூடேறினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் நிற்காது. ஃபுளூயிட் கொதித்தால் பெடல் மெத்தென்று போகும். எது தோற்றது என்று இதை வைத்தே பிரித்துச் சொல்லலாம். இரண்டும் சேர்த்து 300 டாலரை ஒட்டி முடியும்.

பிபிஎஸ் சக்கரம் ஃபோர்ஜ்ட், நல்ல சாமான். அழகுக்காகவும் எடைக்காகவும் எடுக்கலாம். ஆனால் டிராக்குக்கென்று தனி செட் சக்கரம் வாங்கத்தான் போகிறீர்கள், அப்போது இது வீட்டில் கிடக்கும்.

#8 · மதுரைமெக்

ஒண்ணு சேர்த்துக்கங்க. டிராக்குக்கு நிறைய பேர் 15 அங்குலத்துக்கு இறங்குவாங்க. 205/50ஆர்15, 225/45ஆர்15 ரெண்டுலயும் டிராக் டயர் ஏராளம், 17ஐ விட மலிவு. சாதா கிளப் காலிப்பர் மேல 15 உட்காரும். பிரெம்போ மேல பல 15 அங்குல சக்கரம் இடிக்கும். ஸ்போக் உள்பக்கமா வளையற இடத்துலதான் இடிக்கும், ரிம்முல இல்ல. சக்கரக் கம்பெனிக்காரங்க குடுக்கற காலிப்பர் டெம்ப்ளேட்டை அட்டையில வெட்டி சக்கரத்துக்குள்ள சுத்திப் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க. நட்டை இறுக்கும்போது இடிச்சா ஸ்பேசர் போடலாம்னு சொல்லுவாங்க, அப்புறம் ஃபெண்டர்ல உரசும்.

ரெகாரோவைப் பத்தியும் சொல்றேன். தொடைப்பக்கம் அணைப்பு நல்லா இருக்கும். உயரமானவங்க, அகலமானவங்க ஹெல்மெட் போட்டுட்டு உட்கார்ந்து பார்க்காம எடுக்காதீங்க. இந்தக் கார்ல இடுப்புக்கு இடமும் தலைக்கு இடமும் ரெண்டுமே எண்ணி வெச்சதுதான்.

#9 · கூம்புக்கணக்கு

தலை இடம் பற்றி வந்ததால் டிராக் டே விஷயமும். கூரை திறக்கும் கார்களுக்குப் பல அமைப்புகள் ரோல் பார் கேட்கின்றன. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து விண்ட்ஷீல்ட் சட்டத்தின் உச்சிக்கு ஒரு குச்சியை நீட்டினால் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். தட்டினால் அன்றைக்கு ஓட்ட முடியாது. ரோல் பார் வாங்கி மாட்டும் செலவு ஆயிரம் டாலருக்கு மேல் போகும். பிரெம்போ பேக்கேஜுக்குப் போகிற பணத்தில் முதல் பங்கு இதற்கு. ஆர்.எஃப். எனும் மடங்கும் கெட்டிக் கூரை மாடலை நீங்கள் எடுக்காதது நல்லது. அதில் ரோல் பார் வைப்பது பெரிய பாடு, 50 கிலோ எடையும் கூடுதல்.

ஆட்டோகிராஸுக்கு ரோல் பார் தேவையில்லை.

#10 · மலைப்பாதை

இவ்வளவு பேசியும் கிராண்ட் டூரிங்கை யாரும் தொடவில்லை. தினம் 40 மைல் போகிறவருக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

இன்றைய மேனுவல் கிராண்ட் டூரிங்கில் எல்.எஸ்.டி., பில்ஸ்டீன், டவர் பிரேஸ், டி.எஸ்.சி.-டிராக் எல்லாம் இருக்கின்றன. சக்கரம் அதே 17x7. கிளப்பை விட 1,500 டாலர் கூடுதலுக்குத் தோல் சீட், ஆட்டோமேட்டிக் ஏசி, ஸ்டியரிங்கோடு திரும்பும் ஹெட்லைட், மழை வைப்பர் கிடைக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் கூரை: கிராண்ட் டூரிங்கின் சாஃப்ட் டாப்புக்கு உள்ளே ஒரு லைனிங் உண்டு. 70 மைல் வேகத்தில் பக்கத்து லாரியின் டயர் சத்தம் குறைகிறது, போன் பேச முடிகிறது. அந்தக் கூரையைப் பிறகு வாங்கிப் போட்டால் 1,500க்குள் முடியாது.

கிளப்பில் மட்டும் கிடைப்பது முன்பக்க ஏர் டாம், பின் லிப், வேண்டுமானால் அந்த பிரெம்போ பேக்கேஜ். பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவானால் கிளப்பைப் பிடித்துக்கொண்டிருக்க ஓட்டுதல் சார்ந்த காரணம் ஒன்றும் இல்லை.

#11 · நாலாம்கியர்

இதை ஒப்புக்கொள்கிறேன். புதிய கார் என்றால் கேள்வி சுருங்கிவிடுகிறது: லைனிங் வைத்த கூரையும் தோல் சீட்டும் உங்களுக்கு 1,500 பெறுமா? தினம் ஓட்டுகிறவருக்குப் பெறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவருக்குப் பெறாது.

ஆனால் மலைப்பாதை சொன்னது எல்லா வருடத்துக்கும் பொருந்தாது. 2016 முதல் 2018 வரையான கிராண்ட் டூரிங்கில் மேனுவலாக இருந்தாலும் எல்.எஸ்.டி. இல்லை, பில்ஸ்டீன் இல்லை. 2019ல் ஜி.டி.-எஸ் என்ற பேக்கேஜாக மேனுவலுக்கு மட்டும் கொடுத்தார்கள். பிறகு மேனுவல் கிராண்ட் டூரிங் எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டார்கள். பழைய கார் விளம்பரங்களில் "டாப் மாடல், எல்லாம் இருக்கு" என்று போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, பலருக்குத் தெரிவதும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் எந்த வருடமும் எந்த டிரிம்மிலும் எல்.எஸ்.டி. கிடையாது.

#12 · சீமைக்காற்று

விலைக்கு மதிப்பு என்று பேசும்போது பக்கத்துக் கடையையும் பார்க்கலாம். டொயோட்டா ஜிஆர்86ல் நிலைமை தலைகீழ். 2022ல் வந்தபோது பேஸ் 27,700, பிரீமியம் 30,300 டாலர். டோர்சன் எல்.எஸ்.டி. இரண்டிலும் உண்டு, இன்ஜின் அதே 2.4 லிட்டர் 228 குதிரைத்திறன், சக்கர அகலம் இரண்டிலும் 7.5. பேஸில் 17 அங்குலத்தில் பிரைமசி டயர், பிரீமியத்தில் 18 அங்குலத்தில் பைலட் ஸ்போர்ட் 4. மிச்சமெல்லாம் சீட், ஸ்பீக்கர், பின் ஸ்பாய்லர், விளக்கு. அங்கே கீழ் டிரிம்மை எடுத்து நல்ல டயர் போடுகிறவர் எதையும் இழப்பதில்லை. மியாட்டா ஸ்போர்ட்டுக்கும் அதே கணக்கைப் போட்டிருந்தேன். கூம்புக்கணக்கு சொன்ன சக்கர அகலத்துக்குப் பிறகு, ஆட்டோகிராஸ் போகிறவருக்கு அது பொருந்தவில்லை. ஆட்டோகிராஸ் இல்லாதவருக்கு ஸ்போர்ட் என்பதில் மாற்றமில்லை.

#13 · தென்றல்வழி

பழைய கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 கிராண்ட் டூரிங் மேனுவல், விளம்பரத்தில் "எல்.எஸ்.டி. உண்டு" என்று இருக்கிறது. இன்னொன்று 2019 கிளப், பேக்கேஜ் இல்லாதது, 31,000 மைல், விலை சற்று அதிகம். எதைப் பார்ப்பது, எப்படிச் சோதிப்பது?

#14 · நாலாம்கியர்

2018ம் 2019ம் ஒரு வருட வித்தியாசம் போலத் தெரியும், இன்ஜினே வேறு. 2018 வரை 155 குதிரைத்திறன், 6,800 ஆர்பிஎம். 2019ல் இலேசான பிஸ்டன், இலேசான கனெக்டிங் ராடு, பெரிய எக்ஸாஸ்ட் வால்வு, பெரிய த்ராட்டில் பாடி. 181 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம். ஆட்டோகிராஸில் இந்த 700 ஆர்பிஎம் பெரிய விஷயம்: இரண்டாம் கியரிலேயே சுற்றை முடிக்கலாம், பாதியில் மூன்றாவதுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டியரிங் முன்பின் நகர்வதும் 2019லிருந்துதான். கால் நீளமானவருக்கு அது ஒன்றே போதும் காரணம்.

கியர்பாக்ஸையும் எண்ணிப் பாருங்கள். ஆரம்ப வருட என்.டி. கார்களில் பல் உடைந்து கியர்பாக்ஸ் மாற்றப்பட்டவை கணிசம். மாஸ்டா அதைப் பலமுறை திருத்தியிருக்கிறது. பவர்டிரெய்ன் வாரன்டி 5 வருடம் அல்லது 60,000 மைல், 2018 காருக்கு அது முடிந்துவிட்டது. சர்டிஃபைட் காராக டீலரிடம் வாங்கினால் பவர்டிரெய்னுக்கு 7 வருடம் அல்லது 100,000 மைல் வரை. கணக்கு முதல் விற்பனை தேதியிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை. எவ்வளவு மிச்சம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

#15 · மதுரைமெக்

எல்.எஸ்.டி. சோதனை ரெண்டு நிமிஷ வேலை. முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கிடுங்க. ஒரு சக்கரத்தைக் கையால சுத்துங்க. அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கம் சுலபமா சுத்தினா ஓப்பன் டிஃப். ஒரே பக்கம் சேர்ந்து சுத்தினா எல்.எஸ்.டி. இருக்கு, வேலையும் செய்யுது. எதிர்ப்பக்கம் சுத்துது ஆனா கையில கனமா பிடிக்குதுன்னா எல்.எஸ்.டி. தேஞ்சிருக்கு. 2016லேர்ந்து 2023 வரைக்கும் வர்றது கூம்பு கிளட்ச் வகை, உள்ள ஸ்பிரிங் அழுத்தம் வெச்சிருப்பாங்க, அதனால இந்தச் சோதனை செல்லும். வெளியில வாங்கிப் போட்ட டோர்சன் மாதிரி கியர் வகைக்கு இந்தச் சோதனை ஏமாத்தும், நல்லாருந்தாலும் எதிர்ப்பக்கம் சுத்தலாம்.

2018 காரை எனக்குத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம், யாரும் மாத்திப் போடலேன்னா அதுல எல்.எஸ்.டி. இருக்காது. மாத்திப் போட்டேன்னு சொன்னா பில்லு கேளுங்க, யார் ஷிம் பார்த்தாங்கன்னு கேளுங்க. பானட்டைத் திறந்தா டவர் பிரேஸ் இருக்கா இல்லையான்னு முதல்ல கண்ணுல படும்.

2019 கிளப்பை எடுத்தீங்கன்னா பார்க்க வேண்டியது:

குளிர் இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணணும், வித்தவர் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிடுங்க. முதல் பத்து நிமிஷம் ரெண்டு, மூணாம் கியர்ல ஏத்தி இறக்கிப் பாருங்க. இழுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் கூச்சல் வருதா, கியர் தானா வெளிய வருதான்னு கவனிங்க.

கதவுக்குப் பின்னாடி சாஃப்ட் டாப் மடங்கற இடத்துல தண்ணி வடிகால் இருக்கு. இலை, மகரந்தம் அடைச்சா தண்ணி உள்ள இறங்கும். சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டைக் கையால அழுத்திப் பாருங்க, ஈரமோ வாடையோ இருந்தா அங்கதான் காரணம். உங்க ஊர்ல வசந்தத்துல மகரந்தம் ரொம்ப, வாங்கின பிறகு வருஷம் ரெண்டு தடவை மெல்லிசான பிளாஸ்டிக் குழாயை விட்டு சுத்தம் பண்ணுங்க. கம்பி விடாதீங்க, உள்ள ஹோஸ் கழண்டுடும்.

பின் டயர் உள்பக்க ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் போயிருக்கு இல்லேன்னா குழியில அடிச்சிருக்காங்க. பானட்டும் டிக்கி மூடியும் அலுமினியம், காந்தம் ஒட்டாது, ஒட்டலையேன்னு பயப்படாதீங்க. காரோட வின் நம்பரை என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்புத் துறை) தளத்துல போட்டு ரீகால் பாக்கி இருக்கான்னு பாருங்க.

#16 · கூம்புக்கணக்கு

கிளப் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது அலைன்மென்ட். முன்பின் இரண்டிலும் கேம் போல்ட் இருப்பதால் எந்தச் சாமானும் வாங்காமலே நிறையத் திருத்தலாம். முன்பக்கம் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கிடைக்கும் அதிகபட்ச நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது). ஒரு பக்கம் அதிகம் கிடைக்கிறதென்று அதை மட்டும் தள்ளாதீர்கள், நேர்ச்சாலையில் இழுக்கும். முன் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 1/16 அங்குலம் டோ-இன். உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை டிரைவர் சீட்டில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு இலேசான காரில் அது அளவைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றும்.

#17 · தென்றல்வழி

2018க்காரரிடம் எல்.எஸ்.டி. பற்றிக் கேட்டேன், மாற்றிப் போட்ட பில் எதுவும் இல்லையாம். அதை விட்டுவிட்டேன். 2019 கிளப்பை சனிக்கிழமை காலை பார்க்கப் போகிறேன், இன்ஜினைத் தொடாமல் வைக்கச் சொல்லியாயிற்று. எடுத்தால் டிஃப் ஆயிலும் மாற்றிவிடலாமா?

#18 · மதுரைமெக்

மாத்திடுங்க. முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. மேல் பிளக்கை முதல்ல கழட்டுங்க, அது கழண்ட பிறகுதான் கீழ் பிளக்கைத் தொடணும். கீழ ஆயிலை இறக்கிட்டு மேல் பிளக் இறுகிப்போய் வரலேன்னா காரை நகர்த்த முடியாது. கீழ் பிளக் காந்தத்துல சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தா தேய்மானம், பயமில்ல. விரல்ல கரகரன்னு துணுக்கு தட்டுப்பட்டா போட்டோ எடுத்து இங்க போடுங்க. எல்.எஸ்.டி.க்குன்னு போட்டிருக்கற ஜிஎல்-5 ஆயில்தான் ஊத்தணும். மாத்தின பிறகு பார்க்கிங்ல மெதுவா திருப்பும்போது பின்னாடி நடுங்கற மாதிரி சத்தம் வந்தா தப்பான ஆயில் போயிருக்கு, உடனே இறக்கிடுங்க.